கிண்ணத்தைப் பிடித்தவளுக்கு

உ
தளி
ஆவணி 10

அரவக்குறிச்சி நல்லுசாமி மகள் மோகனப்ரியாவுக்கு, தீர்த்தகிரியைப் பெற்ற பூவம்மாள் எழுதுவது.

மருமகளுக்கு என்று எழுதவில்லை, கவனித்திருப்பாய். கோர்ட்டில் காகிதம் போட்ட பிறகு அந்தச் சொல்லை எழுதலாமா என்று தெரியவில்லை. வக்கீலைக் கேட்டுக் கடிதம் எழுதுகிற வயசும் எனக்கு இல்லை. நீ எப்படி இருக்கிறாய் என்றும் கேட்கப்போவதில்லை. அப்பன் வீட்டுச் சோறு தின்கிறவள் நன்றாகத்தான் இருப்பாய். பாப்பா எப்படி இருக்கிறாள் என்று மட்டும் கேட்கிறேன். அவள் பேரை எழுத மூன்று தடவை அடித்துவிட்டேன். தன்யஸ்ரீ. என்னைக் கேட்காமல் வைத்த பேர். வாயிலும் நுழைவதில்லை, பேனாவிலும் நுழைவதில்லை.

போனில் கூப்பிட்டால் உன் போன் என்னை எடுப்பதில்லை. அப்படி ஏதோ செய்து வைத்திருக்கிறாய் என்று பக்கத்து வீட்டுப் பெண் சொன்னாள். மூன்றாம் வகுப்போடு நின்றவள் நான். எழுத்து கோழி கிளறியதுபோல இருக்கும். படிக்க வரவில்லை என்று உன் அப்பாவிடம் கொடுத்துவிடாதே. இது நமக்குள்.

விஷயத்துக்கு வருகிறேன். என் தொண்டையில் ஏதோ நிற்கிறது.

சித்திரை பதினெட்டு, புதன்கிழமை. மத்தியானம் களி கிண்டி, அவரைக்காய்க் குழம்பு வைத்து, முதல் உருண்டையை வாயில் போட்டேன். அறுபது வருஷமாக வழுக்கிக்கொண்டு போகிற களி, அன்றைக்குக் குரல்வளைக்குக் கீழே வந்து நின்றுவிட்டது. தண்ணீர் குடித்தேன். தண்ணீர் போயிற்று, அது போகவில்லை. வலி இல்லை, மூச்சும் முட்டவில்லை. கஞ்சி இறங்குகிறது, ரசம் சோறு இறங்குகிறது. வெறும் எச்சிலைத்தான் விழுங்க முடியவில்லை. விழுங்கினால் ஒரு புளியங்கொட்டை மேலே போய், கீழே வந்து, பழைய இடத்திலேயே உட்காருகிறது. காலையில் நான் கண் விழிப்பதற்கு முன்னால் அது விழித்திருக்கிறது. நாலு மாதமாகக் களியைத் தொடவில்லை.

இதைக் கேட்டால் நீ சிரிப்பாய் என்று தெரியும். இந்த வீட்டுக்கு வந்த முதல் நாள் களி உருண்டையை நீ மென்று தின்றாய். ராகிக் களியைப் பல்லில் படாமல் விழுங்க வேண்டும் என்று உனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. வாயெல்லாம் ஒட்டி, கண்ணில் தண்ணீர் விட்டு, "எறங்கமாட்டேங்குதுங்க அத்தை" என்றாய். "களியப் போயி மெல்லுறா பாரு, மாடு அசை போடற மாதிரி" என்று நான்தான் சொன்னேன். பந்தியே சிரித்தது. தீர்த்தகிரி மட்டும் சிரிக்கவில்லை. எழுந்து போய் உனக்குத் தண்ணீர் மொண்டு வந்தான். அவனைப் பெற்று வளர்த்த முப்பத்தோரு வருஷத்தில் எனக்கு ஒரு தடவை தண்ணீர் மொண்டு தந்ததில்லை. நீ மறந்திருப்பாய். நான் மறக்கவில்லை.

நான் யார் என்பதையும் மறந்திருப்பாய், அதனால் சொல்கிறேன். நாற்பது வருஷமாக இந்த ஊருக்குத் தொக்கம் எடுத்தவள் நான். தொண்டையில் எதையாவது சிக்கவைத்துக்கொண்டு வந்து நின்றவர்களை உட்காரவைத்து, பித்தளைக் குழலைக் குரல்வளைக் குழியில் வைத்து உறிஞ்சி, சிக்கினதைக் கிண்ணத்துத் தண்ணீரில் துப்பிக் காட்டினவள். தொண்டையைக் கன்னடக்காரர்கள் கண்டலு என்பார்கள், தெலுங்குக்காரர்கள் கொந்து என்பார்கள். தொட்டுக் காட்டுகிற இடம் எல்லோருக்கும் ஒன்றுதான். கம்பெனிகள் வந்த பிறகு ஞாயிற்றுக்கிழமையில் என் வாசலில் பைக் நிறுத்த இடம் கிடையாது. ஹாஸ்டல் பெண்கள் மூன்று பஸ் மாறி வந்தார்கள். நீயும் கல்யாணத்துக்கு முன்னால் அப்படி வந்தவள்தானே? உன் தொண்டையிலிருந்து அன்றைக்கு மீன்முள் எடுத்தேன். என் மகன் வாசலில் நின்று பார்த்தான். முள்ளை எடுத்து உன்னை உள்ளே விட்டுக்கொண்டேன்.

அப்படிப்பட்ட எனக்கே தொண்டை அடைத்தால் அது சும்மா அடைக்குமா?

மாசி மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமையை நினைத்துப் பார். தீர்த்தகிரிக்கு இரண்டு மாதமாகத் தொண்டை அடைப்பு. ஊரே என் வாசலில் நிற்கும்போது அவனை ஓசூருக்குக் கூட்டிப்போய் டாக்டர் வாசலில் டோக்கனோடு நிற்கவைத்தாய். மாத்திரை கேட்டதா? கடைசியில் என் முன்னால்தான் உட்கார்ந்தான். பதினைந்து பேர் பார்க்க எடுத்தேன். சோற்றுப் பருக்கையைச் சுற்றி நீளமான பெண்முடி வந்தது. நுனி செம்பட்டை. முடி நுனிக்குச் சாயம் போட்டவள் இந்தத் தெருவில் வேறு யார்? இது வீட்டுக்குள்ளேயே இருக்கிற கை, புருஷனை மடக்கச் சோற்றில் வைத்த மருந்து என்று சொன்னேன். உன் பேரை நான் சொல்லவில்லை. அவர்களாகத்தான் உன்னைப் பார்த்தார்கள்.

அவன் எச்சில் விழுங்கிப் பார்த்து, "எறங்கிடுச்சிம்மா, சுத்தமா எறங்கிடுச்சி" என்றான். இரண்டு மாத அடைப்பு ஒரு நிமிஷத்தில் போயிற்று. அதைவிடச் சாட்சி வேண்டுமா?

நீ பாப்பாவைத் தூக்கிக்கொண்டு போனாய். போனவள் சும்மா போகவில்லை. உங்கள் பக்கத்தில் ஆகாதவர்கள் பேரைச் சொல்லிக் கோயிலில் காசு வெட்டிப் போடுவார்கள் என்று உன் வாயாலேயே எனக்குச் சொல்லியிருக்கிறாய். வெட்டின காசு ஒட்டுகிறவரைக்கும் அவர்கள் குடும்பம் ஒட்டாது என்றாய். எந்தக் கோயிலில் என் பேரைச் சொல்லி வெட்டிப் போட்டாய்? போட்ட இடத்திலேயே போய் அதைத் திரும்ப எடு. ஒரு கிழவியின் தொண்டையை நெரித்துத்தான் உன் மானம் திரும்பி வர வேண்டுமா?

பதில் போடு. அதற்கும் உன் அப்பாவைக் கேட்க வேண்டும் என்றால் கேட்டுக்கொள்.

பூவம்மாள்

*

உ
தளி
ஐப்பசி 12

மோகனப்ரியாவுக்கு,

உன் கடிதம் வந்தது. கடிதம் என்று சொன்னால் தபால்காரன் சிரிப்பான். ஒரு முழுத்தாளில் இரண்டு வரி. நான் காசு வெட்டவில்லை. டாக்டரிடம் காட்டுங்கள். அத்தை என்று ஒரு சொல் சேர்த்திருந்தால் மை தீர்ந்திருக்குமா? பாப்பாவைப் பற்றியும் ஒரு எழுத்து இல்லை. பரவாயில்லை. இதையும் மனசில் வைத்துக்கொள்கிறேன்.

காசு வெட்டவில்லை என்று எழுதியதை நம்புகிறேன். உனக்குப் பொய் சொல்லத் தெரியாது. அதுதான் உன்னிடம் எனக்குப் பிடிக்காத முதல் குணம்.

நீ சொன்னாய் என்பதற்காகப் போகவில்லை, ஆனால் போனேன். காலை பஸ்ஸில் ஓசூர் போய், யாருக்கும் சொல்லாமல், தலையில் முக்காடு போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். எதிரில் இரண்டு பெண்கள் என்னிடம் தொக்கம் எடுத்துக்கொண்டவர்கள். அவர்கள் என்னைப் பார்த்துவிடக் கூடாது என்று நானும், நான் அவர்களைப் பார்த்துவிடக் கூடாது என்று அவர்களும் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தோம். டாக்டர் சின்னப் பெண். மூக்கு வழியாக ஒரு ஒயரை விட்டாள். நுனியில் கேமராவாம். டீவியில் என் தொண்டையை நானே பார்த்தேன். சிவப்பாக, ஈரமாக, வழித்துக் கழுவின பாத்திரம் போல இருந்தது. "பாட்டி, ஒண்ணுமே இல்ல. ரொம்ப கிளீனா இருக்குது" என்றாள். நல்ல சேதி சொன்னவள் போலச் சிரித்தாள்.

ஒண்ணுமே இல்லை என்ற சொல்லைக் கேட்டதும் அந்தப் பெண்ணை அறைய வேண்டும் போல இருந்தது. நாற்பது வருஷமாக என்னிடம் வந்த அத்தனை பேரும் இந்தச் சொல்லைக் கேட்டுவிட்டுத்தான் வந்தார்கள். இருக்கிறது என்று ஒருத்தி சொல்லமாட்டாளா என்று வந்தார்கள். நான் இருக்கிறது என்றேன். எடுத்தும் காட்டினேன். தண்ணீரில் மிதக்கிறதைக் கண்ணால் பார்த்ததும் தோள் இறங்கும், முகம் தெளியும், அடுத்த வேளைச் சோறு இறங்கும். எனக்கு அப்படி எடுத்துக் காட்ட யார் இருக்கிறார்கள்?

இருக்கிறாள் என்று தேடிக்கொண்டு போனேன். வேப்பனப்பள்ளியில் ரங்கம்மா என்று ஒருத்தி. அந்தப் பக்கம் என்னைத் தெரிந்தவர்கள் இல்லை. பேர் கேட்டதற்குச் சரோஜம்மாள் என்றேன். கூட்டம் இருந்தது. உட்காரவைத்தாள், குழலை வைத்தாள், உறிஞ்சினாள், துப்பினாள். கோழி எலும்பு. உன் மாமனார் செத்ததிலிருந்து பதினொரு வருஷமாக நான் கோழி தொடுவதில்லை. அவளுக்கு எப்படித் தெரியும்? வலது கடைவாயில் வெற்றிலை, இடது கடைவாயில் எலும்பு. பேசும்போதே ஒரு பக்கக் கன்னம் அசையவில்லை. மட்டமான கை. கோயில் திருவிழாவில் வித்தை காட்டுகிறவன்கூட இதைவிடச் சுத்தமாகச் செய்வான்.

இப்போது சொல்வதைக் கவனமாகப் படி. கிண்ணத்தை என் முகத்துக்கு நேரே நீட்டிக்கொண்டு அவள் என்னையே பார்த்தாள். சுற்றி இருபது பேர் என் வாயைப் பார்த்தார்கள். அடைப்பு அப்படியே நிற்கிறது, ஒரு நூல்கூட அசையவில்லை. ஆனாலும் அத்தனை பேருக்கு நடுவில் அவளைத் தலைகுனிய வைக்க எனக்கு வாய் வரவில்லை. எச்சில் விழுங்குவதுபோல விழுங்கி, "எறங்கிடுச்சி தாயி" என்றேன்.

சொன்ன சொல் என் காதில் விழுந்ததும், அதே சொல்லை என் மகன் சொன்னது ஞாபகம் வந்தது.

பஸ்ஸில் கிருஷ்ணகிரி வரைக்கும் அதையே நினைத்துக்கொண்டு வந்தேன். பதினைந்து பேர் முன்னால், பெற்றவள் கிண்ணத்தை நீட்டும்போது, அவன் வேறு என்ன சொல்லியிருப்பான்?

அதனால் இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். உன்னிடம் சொல்லக் கூடாது என்றுதான் போன கடிதத்தில் விட்டேன். வைகாசியில் அவன் சட்டையைத் துவைக்க எடுத்தபோது பையில் மாத்திரை அட்டை இருந்தது. நீ வாங்கிக் கொடுத்த அதே மாத்திரை, பச்சை அட்டை. பாதி தின்றிருந்தான். என்னடா இது என்று கேட்டதற்கு, "மறுபடியும் அடைக்குது" என்று சுவரைப் பார்த்துச் சொன்னான். உட்காருடா, எடுத்துவிடுகிறேன் என்றேன். "வேணாம்" என்றான்.

அன்றிலிருந்து அவன் வீட்டில் சாப்பிடுவதில்லை. கம்பெனி கேன்டீனில் தின்கிறான். லீவு நாளில் ஓட்டலில் பார்சல் வாங்கி வந்து, என் எதிரிலேயே பிரித்துத் தின்கிறான். நான் குடத்தில் பிடித்து வைத்த தண்ணீரைக்கூடக் குடிப்பதில்லை, பாட்டில் வாங்குகிறான். புரட்டாசி சனிக்கிழமை பாயசம் வைத்துக் கொடுத்தேன். டம்ளரை வாங்கினான். உள்ளே விரலை விட்டுத் துழாவினான். என்னடா தேடுகிறாய் என்றேன். "ஒண்ணுமில்ல" என்று வைத்துவிட்டு எழுந்து போனான்.

அவன் முடி தேடினான், மோகனப்ரியா.

வீட்டுக்குள்ளேயே இருக்கிற கை என்று சொன்னது நான். இப்போது இந்த வீட்டுக்குள் இருக்கிற கை ஒன்றுதான்.

இதைப் படித்துச் சந்தோஷப்பட்டுக்கொள். பட்டதும் பதில் எழுது.

பூவம்மாள்

*

உ
தளி
மார்கழி 14

மருமகள் மோகனப்ரியாவுக்கு,

பதில் இல்லை. இரண்டு மாதம் தபால்காரனைப் பார்த்துப் பார்த்து அவனே என் வீட்டைக் கண்டால் சைக்கிளை வேகமாக மிதிக்கிறான். நீ எழுதமாட்டாய் என்று தெரிந்துதான் இதை எழுதுகிறேன்.

குளிர் அதிகம். பீன்ஸ் பந்தலில் பாதி பனியில் கருகிவிட்டது. ரோஜா மட்டும் வருகிறது. வண்டிக்காரன் வந்து வாங்கிக்கொண்டு போகிறான். தீர்த்தகிரிக்குக் கன்னம் ஒட்டிப்போய்விட்டது. பேன்ட்டை பெல்ட் போட்டு இழுத்துக் கட்டியிருக்கிறான். கேன்டீன் சோறும் இறங்குவதில்லை என்று நினைக்கிறேன். நேற்று ஒரு இட்லியை அரை மணி நேரம் தின்றான். பெற்றவள் எதிரில் உட்கார்ந்து அதைப் பார்க்க வேண்டும். ஊட்டக் கூடாது, தொடக் கூடாது. நீ இங்கே இருந்து அவனை இப்படி இளைக்க விட்டிருந்தால் உன்னை விளக்குமாற்றால் அடித்திருப்பேன்.

சில விஷயங்களை நான் எழுதமாட்டேன். எழுதாமலேயே உனக்குத் தெரியும். எழுதக்கூடியதை எழுதுகிறேன்.

கல்யாணமான மறுமாதத்திலிருந்து எனக்குக் கிண்ணம் பிடித்தவள் நீ. நாலரை வருஷம். தொக்கம் எடுக்கும்போது பார்க்கிறவர்கள் எல்லோரும் கிண்ணத்தைப் பார்ப்பார்கள். கிண்ணம் பிடிக்கிறவள்தான் என் வாயைப் பார்ப்பாள். ஒரே ஒரு தடவை ஒரு கேள்வி கேட்டாய். லாரி டிரைவர் ஒருத்தனுக்கு எலும்பு எடுத்த அன்றைக்கு, கிண்ணத்தைக் கழுவிக்கொண்டே, "நேத்துத் தின்னதுன்னு சொன்னாருங்களே அத்தை, எலும்பு காஞ்சிருக்குதுங்களே" என்றாய். நான் எழுந்து உள்ளே போனேன். நீயும் திரும்பக் கேட்கவில்லை. மறுநாளிலிருந்து எலும்பைத் தண்ணீரில் ஊறப்போட ஆரம்பித்தேன். ஊறப்போட்ட தட்டை நீ பார்த்தாய். பார்த்துவிட்டு, எறும்பு ஏறாமல் அதன் மேல் மூடியைக் கவிழ்த்து வைத்தாய். அன்றைக்குத்தான் எனக்கு உன்மேல் பயம் வந்தது. என்னைத் திட்டுகிற மருமகளாக இருந்தால் சமாளித்திருப்பேன். என்னைத் தெரிந்துகொண்டு சும்மா இருக்கிற மருமகளை என்ன செய்வது?

அப்புறம் மாசி மாதம். சனிக்கிழமை சாயங்காலம் பாப்பா என் மடியில் உட்கார்ந்து சொன்னாள், "ஆயா, ஓசூர்ல புது வீடு பாத்திருக்கோம். மேல நின்னா பஸ்ஸெல்லாம் தெரியுது." எனக்கு எந்த அறை என்று கேட்டேன். "நீ வரமாட்டியாம்" என்றாள். குழந்தை பொய் சொல்லாது. நீ பெற்ற குழந்தை சொல்லவே சொல்லாது.

நீ என்னைக் கூப்பிட்டிருந்தாலும் நான் வந்திருக்கமாட்டேன். ஆனால் நீ கூப்பிட்டிருக்க வேண்டும். தீர்த்தகிரியை விட்டாவது சொல்லியிருக்க வேண்டும். மடியில் வைத்து வளர்த்த குழந்தை வாயால் அதை நான் கேட்டிருக்கக் கூடாது. அதை இன்னும் மன்னிக்கவில்லை. இதை எழுதி முடித்தாலும் மன்னிக்கமாட்டேன். தெரிந்துகொள்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. காலையில் நீ தலை வாரிவிட்டுச் சீப்பை ஜன்னலில் வைத்துவிட்டுப் பால் வாங்கப் போனாய். அதற்குமேல் அதைப் பற்றி எழுதமாட்டேன்.

பத்து மணிக்கு வெற்றிலை இடித்துக் கொண்டுவந்தாய். உன் கையால் வாங்கக் கூசி, வேண்டாம் என்றேன். நாலரை வருஷத்தில் நான் வேண்டாம் என்று சொன்னது அந்த ஒரு நாள். அதிலேயே உனக்குத் தெரிந்திருக்கும். தெரிந்தும் வந்து என் பக்கத்தில் முட்டி போட்டு உட்கார்ந்து கிண்ணத்தைப் பிடித்தாய். நான் துப்பினது உன் கையில் இருந்த தண்ணீரில்தான் விழுந்தது. உன் முடியை உனக்குத் தெரியாதா? கிண்ணத்தைப் பார்த்தாய். அப்புறம் என் வாயைப் பார்த்தாய். நான் வீட்டுக்குள்ளேயே இருக்கிற கை என்று சொல்லி முடிக்கிறவரைக்கும் பார்த்துக்கொண்டே இருந்தாய். "இன்னாடி இது?" என்று அவன் உன்னைக் கேட்டான். "உங்க அம்மாவக் கேளுங்க" என்றாய். நான்தான் முந்திக்கொண்டு வாய் திறந்தேன். எடுத்தவளைக் கேட்காதே, வைத்தவளைக் கேள் என்றேன். அவன் கையை ஓங்கினான். நீ அப்போதும் சொல்லவில்லை.

ஏன் சொல்லவில்லை? பத்து மாதமாக இதைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறேன். வாயைத் திறந்து, இந்தக் கிழவி கடைவாயில் வைத்திருந்தாள் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் உன் குடும்பம் நின்றிருக்கும், என் பேர் அந்த நிமிஷமே செத்திருக்கும். என் பேரைக் காப்பாற்றச் சொல்லி உன்னை யார் கேட்டது? நீ எனக்குப் போட்ட பிச்சையா அது? கிண்ணத்தைத் தண்ணீர் தளும்பாமல் கீழே வைத்தாய். உள்ளே போனாய், பாப்பாவைத் தூக்கினாய், ஒரு பையை எடுத்தாய். வாசல் தாண்டும்போது திரும்பி, "கிண்ணம் கழுவலைங்க அத்தை" என்றாய்.

நானும் கழுவவில்லை. தண்ணீர் வற்றி, அந்த முடி அடியில் ஒட்டிக்கொண்டு பரண்மேல் அப்படியே இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமைக்கு வேறு கிண்ணம் வாங்கினேன். வைகாசியோடு அதையும் நிறுத்திவிட்டேன். உடம்பு சரியில்லை என்று சொல்லித் திருப்பி அனுப்புகிறேன்.

வருகிற மாதம் இருபத்திரண்டாம் தேதி கோர்ட்டுக்கு நீ ஓசூர் வர வேண்டும் என்று அவன் வக்கீலிடம் பேசியது என் காதில் விழுந்தது. அதற்கு முன்னால் வருகிற ஞாயிற்றுக்கிழமை நீ இங்கே வர வேண்டும். பாப்பாவைக் கூட்டி வருவதும் வராததும் உன் இஷ்டம். ஊரில் எல்லோரையும் வரச் சொல்லிவிடுகிறேன். அன்றைக்கு நின்ற பதினைந்து பேரும் நிற்பார்கள். என் கை தளர்ந்துவிட்டது, இனிமேல் மருமகள் எடுப்பாள் என்று நானே சொல்கிறேன். தீர்த்தகிரி உட்காருவான். என்னிடம்தான் உட்காரமாட்டான். நீ வந்து நின்றால் உட்காருவான். அவன் கண் எந்தப் பக்கம் போகிறது என்று எனக்குத் தெரியாதா? உன் பழைய செருப்பை இன்னும் வாசலிலிருந்து எடுக்கவிடமாட்டேன் என்கிறான்.

அவனிடம் வாயால் சொன்னால் போதாதா என்று நீ கேட்பாய். சொல்லிப் பார்த்தேன். இரண்டு தடவை அவன் முன்னால் போய் நின்றேன். தொண்டைவரைக்கும் வந்தது. அதற்குமேல் வரவில்லை.

அதனால் இந்தக் கவரில் என் முடி ஒன்றைச் சுருட்டி வைத்திருக்கிறேன். முழு நரை. ஊரில் எல்லோருக்கும் அடையாளம் தெரியும். உன் முடியை வைத்துவிடாதே. ஒரு சோற்றுப் பருக்கையில் சுற்றிக்கொள். இடது கடைவாயில், பல்லுக்கு வெளிப்பக்கம் ஒதுக்கு. ரங்கம்மா மாதிரி கன்னத்தை அசைக்காமல் பேசாதே, தெரிந்துவிடும். முதலில் வெற்றிலை போட்டுக்கொள், சிவப்பில் எதுவும் தெரியாது. குழலை அழுத்தாமல் வை. மூன்று தடவை உறிஞ்சு, மூன்றாவது தடவை துப்பு. துப்பினதும் பேசாதே, அவர்களே பார்க்கட்டும். பிறகு, வீட்டுக்குள்ளேயே இருக்கிற கை என்று மட்டும் சொல். என் பேரைச் சொல்லாதே. சொல்லவேண்டிய அவசியம் இருக்காது.

அன்றைக்கு வந்த உன் முடியையும் நானே சோற்றில் வைத்து அவனுக்குப் போட்டேன் என்று நினைத்துக்கொள்வான். நினைக்கட்டும். மகனுக்கு மருந்து வைத்தவள் என்று ஊர் சொல்லட்டும், கேட்டுக்கொள்கிறேன். பொய்த் தொக்கம் எடுத்தவள் என்று மட்டும் யாரும் சொல்லக் கூடாது. என்னிடம் எடுத்துக்கொண்டு போய்ச் சோறு தின்றவர்கள் ஆயிரம் பேர் இருக்கிறார்கள். அவர்கள் தொண்டையில் மறுபடியும் அதைக் கொண்டுபோய் வைக்க எனக்கு உரிமை இல்லை. நீ இவ்வளவு நாள் காப்பாற்றினதை இன்னும் ஒரு நாள் காப்பாற்று.

கிண்ணத்தை நான் பிடித்துக்கொள்கிறேன். கொஞ்சம் தண்ணீர் சிந்தும். நீ துப்புகிறவரைக்கும் கீழே போடமாட்டேன். பழைய கிண்ணத்தையே பரணிலிருந்து இறக்கி, கழுவி வைக்கிறேன்.

எடுத்து முடித்ததும் அவனைக் கூட்டிக்கொண்டு நீ ஓசூருக்குப் போய்விடு. அந்த வீடு இல்லாவிட்டால் வேறு வீடு. இரண்டு நாளைக்கு அவனுக்கு மோர் சோறு மட்டும் கொடு, பிறகு கெட்டியாகக் கொடு. இறங்கும். என் தொண்டையை நீ பார்க்க வேண்டாம். அது எனக்குப் பழகிவிட்டது.

தன்யஸ்ரீக்கு இந்த ஆயாவின் ஆசீர்வாதம். இந்தத் தடவை பேரை அடிக்காமல் எழுதிவிட்டேன், பார்த்தாயா? தின்றதெல்லாம் தங்காமல் தடுக்காமல் இறங்க, நூறு வயசு இருக்கட்டும். அவளுக்குக் களி கொடுத்தால், மெல்லாதே, விழுங்கு என்று சொல்லிக் கொடு. சிரிக்காமல் சொல்லிக் கொடு.

முடி பத்திரம். கவரைப் பிரிக்கும்போது காற்றடிக்கிற இடத்தில் பிரிக்காதே.

உன் அத்தை,
பூவம்மாள்